சாட்சியா, பிணையாளியா, தரப்பினரா? ஹாங்காங் மீது பிரிட்டனுக்குள்ள பொறுப்பு

ஹாங்காங்கைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கருத்துகள் மாறி மாறிச் சொல்லப்படுகின்றன. "குத்தகைக்கு எடுத்த இடத்தைக் குத்தகை முடிந்ததும் பிரிட்டன் திருப்பிக் கொடுத்துவிட்டது, அதன் பிறகு அங்கே நடப்பதற்கும் பிரிட்டனுக்கும் என்ன சம்பந்தம்?" என்பது ஒன்று. "ஹாங்காங் மக்களின் உரிமைகளுக்கு உறுதி சொன்ன பிரிட்டன், 2020-இல் சீனா தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது ஏன் தடுக்கவில்லை?" என்பது மற்றொன்று. முதல் கருத்து பொறுப்பே கிடையாது என்கிறது; இரண்டாவது, பொறுப்பு இருந்தால் தடுக்கும் அதிகாரமும் இருந்தாக வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டுமே பிழையானவை. பிரிட்டனுக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் சீனாவைப் பணிய வைக்கும் அதிகாரம் அதன் கையில் இல்லை.

அப்படியானால் அந்தப் பொறுப்பு வெறும் பேச்சுதானே என்று கேட்கத் தோன்றும். இல்லை என்றே நான் கருதுகிறேன். பொறுப்பு எங்கிருந்து பிறந்தது, அதன் எந்தப் பகுதி சீனாவின் கையில் சிக்கிக்கொண்டது, எந்தப் பகுதி இன்றும் பிரிட்டனின் கையிலேயே இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். சட்டப் பயிற்சி இல்லாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எனவே கலைச்சொற்களை வரும் இடத்திலேயே ஒருமுறை விளக்கிவிட்டு மேலே செல்கிறேன்.

ஒரு பத்திரத்தில் மூன்று வகைக் கையெழுத்து

ஒருவர் கடன் வாங்கிப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் பலர் கையெழுத்திடலாம். ஆனால் எல்லாக் கையெழுத்துக்கும் ஒரே பொருள் கிடையாது. சாட்சிக் கையெழுத்துப் போடுபவர் "இவர் என் கண்ணெதிரே ஒப்பமிட்டார்" என்று மட்டுமே சொல்கிறார். கடன் திரும்பி வராவிட்டால் அவரை யாரும் நெருக்க முடியாது. பிணைக் கையெழுத்துப் போடுபவர் "இவர் கொடுக்காவிட்டால் நான் கொடுக்கிறேன்" என்று ஏற்றுக்கொள்கிறார். கடன் முறிந்தால் அது அவர் தலையில் விழும். தரப்பினர் என்பவர் பத்திரத்தின் இரு பக்கங்களில் ஒரு பக்கத்தில் இருப்பவர். தாம் ஒப்புக்கொண்டதைச் செய்யும் கடமையும், எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டதைச் செய்யும்படி கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

"குத்தகை முடிந்தது" என்பவர்கள் பிரிட்டனை ஒரு சாட்சியாகப் பார்க்கிறார்கள். "ஏன் தடுக்கவில்லை" என்பவர்கள் அதைப் பிணையாளியாகப் பார்க்கிறார்கள். உண்மையில் அது தரப்பினராகக் கையெழுத்திட்டது.

பெற்ற தாய்க்கும் வளர்த்த தாய்க்கும் நடுவே நிற்கும் குழந்தை என்று ஹாங்காங்கை வருணிக்கும் ஓர் உவமையும் உலவுகிறது. அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஹாங்காங் மக்கள் குழந்தைகள் அல்லர். தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்கள், பலமுறை சொன்னவர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை என்பதே பிரிட்டனின் பொறுப்பில் பெரும்பகுதி என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

குத்தகைக் கதை எந்த அளவுக்கு உண்மை?

இன்று ஹாங்காங் என்று நாம் சொல்லும் நிலப்பரப்பு மூன்று தவணைகளில் பிரிட்டனிடம் சென்றது. முதல் அபினிப் போரில் தோற்ற சீனா, 1842-இல் கையெழுத்தான நான்ஜிங் உடன்படிக்கையின்படி ஹாங்காங் தீவை நிரந்தரமாக விட்டுக்கொடுத்தது. இரண்டாம் அபினிப் போருக்குப் பின் 1860-இல் கௌலூன் தீபகற்பத்தின் தென்பகுதியும் அவ்வாறே நிரந்தரமாகச் சென்றது. 1898-இல் தான் 'புதிய பிரதேசங்கள்' எனப்படும் பெரும் நிலப்பகுதி 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. அந்தக் குத்தகை 1997 ஜூன் 30-ஆம் தேதி முடிவுக்கு வந்தது.

ஆக, முடிவடைந்தது ஒரு பகுதியின் குத்தகை மட்டுமே. ஆனால் அந்தப் பகுதி மொத்த நிலத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல். அதை விட்டுவிட்டுத் தீவையும் கௌலூனையும் தனியே வைத்துக்கொண்டு பிழைக்க வழியில்லை. தவிர, போராலும் மிரட்டலாலும் வாங்கிய அந்த மூன்று உடன்படிக்கைகளையும் மக்கள் சீனக் குடியரசு செல்லத்தக்கவையாக ஒருபோதும் ஏற்கவில்லை. இந்த இடத்தில் சீனாவின் மனக்குறை நியாயமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். அபினி விற்பதற்காக நடந்த போரின் விளைவாகப் பறிபோன நிலத்தைத் திரும்பக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. நிலம் யாருக்கு என்பது ஒரு கேள்வி. அந்த நிலத்தில் வாழும் மக்களுக்கு என்ன வாக்குக் கொடுக்கப்பட்டது என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குச் சீனா என்று பதில் சொல்பவர், இரண்டாவது கேள்வியையும் அதோடு சேர்த்து மூடிவிட வேண்டிய அவசியம் இல்லை.

1984-இல் எழுதப்பட்டது என்ன?

பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் 1982 செப்டம்பரில் பெய்ஜிங் சென்று சீனத் தலைவர் டெங் சியாவ்பிங்கைச் சந்தித்ததிலிருந்து பேச்சுவார்த்தை தொடங்கியது. 1984 டிசம்பர் 19 அன்று பெய்ஜிங்கில் தாட்சரும் சீனப் பிரதமர் ஜாவ் சியாங்கும் 'சீன-பிரிட்டன் கூட்டுப் பிரகடனம்' என்ற ஆவணத்தில் கையெழுத்திட்டனர். பெயர்தான் பிரகடனம், தன்மையில் அது ஓர் உடன்படிக்கை, அதாவது இரு அரசுகள் தங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்திக்கொள்ளும் எழுத்து ஒப்பந்தம். இரு நாடுகளும் 1985 மே மாதத்தில் அதற்கு முறைப்படி ஒப்புதல் அளித்தன. ஜூன் மாதத்தில் அது ஐக்கிய நாடுகள் சபையில் பதிவு செய்யப்பட்டது.

அதன் கட்டமைப்பைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முதல் பத்தியில், ஹாங்காங் மீதான இறையாண்மையை 1997 ஜூலை 1 முதல் தான் மீண்டும் செலுத்தப்போவதாகச் சீனா அறிவிக்கிறது. இறையாண்மை என்பது ஒரு நிலப்பரப்பின் மீது ஓர் அரசுக்கு உள்ள இறுதி அதிகாரம். இரண்டாம் பத்தியில், அதே நாளிலிருந்து ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைப்பதாகப் பிரிட்டன் அறிவிக்கிறது. மூன்றாம் பத்தியில், ஹாங்காங்கைத் தான் எப்படி ஆளப்போகிறது என்பதைச் சீனா வரிசையாகச் சொல்கிறது. பாதுகாப்பு, வெளியுறவு ஆகிய இரண்டைத் தவிர மற்றவற்றில் உயர்ந்த அளவு தன்னாட்சி. இறுதித் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் உட்பட சுதந்திரமான நீதித்துறை. பேச்சு, பத்திரிகை, கூட்டம் கூடுதல், சங்கம் அமைத்தல், வேலைநிறுத்தம், சமய நம்பிக்கை ஆகியவற்றுக்கான உரிமை. இவை 50 ஆண்டுகளுக்கு மாறாமல் இருக்கும் என்ற உறுதி. தன்னாட்சி என்பது தனிநாடு அல்ல. மேலே இன்னோர் அரசின் இறையாண்மை இருக்க, உள்விவகாரங்களைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமை. 'ஒரு நாடு, இரு அமைப்புகள்' என்று செய்திகளில் அடிபடும் தொடர் இந்த ஏற்பாட்டையே குறிக்கிறது.

இவற்றுக்கெல்லாம் பிறகு வருகிறது ஏழாம் பத்தி. மேலே சொன்ன அறிவிப்புகளையும் இணைப்புகளையும் நடைமுறைப்படுத்த இரு அரசுகளும் உடன்படுகின்றன என்கிறது அது. மூன்றாம் பத்தி சீனா தன் விருப்பத்தால் சொன்ன கொள்கையாக மட்டும் நின்றிருந்தால் அதை மாற்றிக்கொள்வதும் சீனாவின் விருப்பமாக இருந்திருக்கும். ஏழாம் பத்தியின் ஒற்றை வாக்கியம் அந்தக் கொள்கையை இன்னொரு நாட்டிடம் கொடுத்த வாக்காக மாற்றிவிடுகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால், ஹாங்காங்கின் இறையாண்மை சீனாவுடையது என்பதில் சந்தேகம் இல்லை. அந்த இறையாண்மையை எவ்வாறு செலுத்துவது என்பது பற்றிச் சீனா பிரிட்டனுக்கு எழுத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறது. 2047 வரை அந்த வாக்கைக் காக்கும்படி கேட்கும் உரிமை பிரிட்டனுக்கு உண்டு.

ஓர் இரவில் முடிந்த கடமையும் ஐம்பது ஆண்டுக் கடமையும்

சிக்கல் தொடங்குவது இங்கேதான். ஒரு வீட்டை அதில் குடியிருப்பவர்களோடு சேர்த்து ஒருவர் கைமாற்றிக் கொடுக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். "குடியிருப்பவர்களை 50 ஆண்டுகளுக்குத் தொந்தரவு செய்யமாட்டேன்" என்று பெறுபவர் எழுதிக் கொடுக்கிறார். கொடுப்பவரின் கடமை சாவியை நீட்டுவதோடு முடிந்துவிடுகிறது. பெறுபவரின் கடமை அப்போதுதான் தொடங்குகிறது. ஐந்தாம் ஆண்டிலோ இருபதாம் ஆண்டிலோ அவர் வாக்கு மீறினால், பழைய உரிமையாளர் பதிலுக்கு எதைத் தடுத்து வைக்க முடியும்? சாவி போன இடம் போய்விட்டது.

நாடுகளுக்கிடையிலான சட்டத்தில் இதே நிலைதான். உடன்படிக்கையை ஒரு தரப்பு பெரிய அளவில் மீறினால், மறுதரப்பு தன் கடமைகளை நிறுத்தி வைக்கலாம் அல்லது உடன்படிக்கையையே முறித்துக்கொள்ளலாம் என்பது 1969-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைச் சட்டம் ஏற்கும் விதி. ஆனால் 1997 ஜூன் 30 நள்ளிரவில் பிரிட்டனின் முக்கியக் கடமை நிறைவேறி முடிந்துவிட்டது. நிறுத்தி வைக்க அதனிடம் எதுவும் மிச்சமில்லை. உடன்படிக்கையை முறித்துக்கொண்டால் அதனால் சீனாவுக்கு நட்டமில்லை. ஹாங்காங் மக்களுக்குச் சாதகமாக இருக்கும் ஒரே எழுத்துச் சான்றுதான் அழியும். மீறலுக்குச் சட்டம் காட்டும் பரிகாரம் பாதிக்கப்பட்டவர்களையே மேலும் பாதிக்கும் என்ற இந்த முரணை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. எனக்கு இந்த விவகாரத்தில் மிகவும் வருத்தம் தரும் பகுதி இதுவே.

வழக்குப் போடலாமே என்றால், எந்த நீதிமன்றத்தில் என்ற கேள்வி வருகிறது. ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றம், சம்பந்தப்பட்ட இரு நாடுகளும் அதன் விசாரணைக்கு ஒப்பினால் மட்டுமே ஒரு வழக்கை எடுத்துக்கொள்ள முடியும். சில நாடுகள் தங்கள் ஒப்புதலைப் பொதுவாக முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கின்றன. பிரிட்டன் அவற்றில் ஒன்று, சீனா அல்ல. தகராறு வந்தால் இன்ன மன்றத்துக்குப் போவோம் என்ற பிரிவும் கூட்டுப் பிரகடனத்தில் எழுதப்படவில்லை. இரு நாட்டு அதிகாரிகள் கூடிப் பேசுவதற்காக ஒரு கூட்டுத் தொடர்புக் குழு இருந்தது; அதன் பணிக்காலமும் 2000 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது.

ஐ.நா.வில் பதிவு செய்யப்பட்டதால் ஐ.நா. இதற்குக் காவல் நிற்கிறது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. பத்திரப் பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதிந்து வைக்குமே தவிர, வாக்குத் தவறியவர் வீட்டுக்கு ஆள் அனுப்பாது. ஐ.நா. பதிவும் அத்தகையதே. அது உடன்படிக்கை இருப்பதற்குச் சான்று. அதை நிறைவேற்றித் தரும் ஏற்பாடு அல்ல.

மிஞ்சியிருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, மீறல் நடந்திருக்கிறது என்று தரப்பினர் என்ற முறையில் வெளிப்படையாக அறிவித்துப் பதிவு செய்வது. இன்னொன்று எதிர்நடவடிக்கை, அதாவது மீறிய நாட்டை வழிக்குக் கொண்டுவர, மீறலின் அளவுக்கு ஏற்ற வகையில் வேறு துறைகளில் எடுக்கும் அழுத்தம். இரண்டும் அரசியல் துணிவையும் நட்புநாடுகளின் ஒத்துழைப்பையும் பொறுத்தவை.

சீனா சொல்லும் பதில்

2017 ஜூன் 30 அன்று, ஒப்படைப்பின் 20-ஆம் ஆண்டு நிறைவுக்கு முந்தைய நாள், கூட்டுப் பிரகடனம் ஒரு வரலாற்று ஆவணம் என்றும் அதற்கு இப்போது நடைமுறைப் பொருள் எதுவும் இல்லை என்றும் சீன வெளியுறவு அமைச்சகப் பேச்சாளர் கூறினார். ஒப்படைத்த பிறகு ஹாங்காங் மீது பிரிட்டனுக்கு இறையாண்மையும் இல்லை, ஆளும் அதிகாரமும் இல்லை, மேற்பார்வை உரிமையும் இல்லை என்பது சீனாவின் தொடர்ந்த நிலைப்பாடு. ஹாங்காங்கின் இன்றைய அமைப்புக்கு ஆதாரம், 1990-இல் சீனாவின் நாடாளுமன்றமான தேசிய மக்கள் பேராயம் இயற்றிய 'அடிப்படைச் சட்டம்' தானே தவிர வெளிநாட்டோடு செய்த ஒப்பந்தம் அல்ல என்றும் அது வாதிடுகிறது.

இந்த வாதத்தின் முதல் பாதியை ஏற்கத்தான் வேண்டும். பிரிட்டனுக்கு இறையாண்மையோ ஆளும் அதிகாரமோ இல்லை. ஆனால் வாக்குக் கேட்கும் உரிமை இறையாண்மையிலிருந்து பிறப்பதில்லை, கையெழுத்திலிருந்து பிறக்கிறது. 50 ஆண்டுகள் மாறாது என்று எழுதிய ஓர் ஆவணம் 20-ஆம் ஆண்டில் காலாவதியாகிவிட்டது என்பது, அந்த ஆவணத்தைப் படித்த எவருக்கும் ஏற்புடையதாக இருக்க முடியாது. ஒரு நாட்டின் உள்நாட்டுச் சட்டம் அது செய்துகொண்ட உடன்படிக்கையை ரத்து செய்துவிடாது என்பதும் உலக நாடுகள் பொதுவாக ஏற்ற விதியே.

இதுவரை பார்த்த சட்டப் பொறுப்பு உண்மையானது, ஆனால் அதைச் செயல்படுத்தும் கருவிகள் மெலிந்தவை. அத்தோடு கணக்கு முடிந்திருந்தால் பிரிட்டன் ஒரு கண்டன அறிக்கையோடு ஒதுங்கிக்கொள்ளலாம். அப்படி ஒதுங்க முடியாததற்கு வேறு இரண்டு காரணங்கள் உண்டு.

கேட்காமல் முடிவெடுத்த கடன்

பேச்சுவார்த்தை நடந்தபோது ஹாங்காங் மக்களுக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்ற யோசனை எழுந்தது. பிரிட்டன், சீனா, ஹாங்காங் என்று மூன்று கால்கள் கொண்ட முக்காலியைத் தான் ஏற்கப்போவதில்லை என்று பெய்ஜிங் மறுத்துவிட்டது. பிரிட்டன் அதற்கு இணங்கியது. வரைவு தயாரான பின் மக்கள் கருத்து திரட்டப்பட்டது என்பது உண்மை. ஆனால் பொது வாக்கெடுப்பு நடக்கவில்லை. வரைவின் ஒரு சொல்லையும் மாற்ற இடமிருக்கவில்லை. இந்த ஒப்பந்தம் அல்லது ஒப்பந்தமே இல்லாத ஒப்படைப்பு என்ற இரண்டில் ஒன்றுதான் அவர்கள் முன் வைக்கப்பட்டது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரின் எதிர்காலத்தைப் பற்றிய பத்திரத்தில் அவர்களின் கையெழுத்து இல்லை.

மற்றக் குடியேற்ற நாடுகளுக்குத் திறந்த வாசலும் அவர்களுக்கு ஏற்கெனவே மூடப்பட்டிருந்தது. சுயநிர்ணய உரிமை, அதாவது தங்கள் அரசியல் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானிக்கும் மக்களின் உரிமை, விடுதலை அடைய வேண்டிய ஆட்சிப்பகுதிகளின் ஐ.நா. பட்டியலோடு நெருக்கமாகப் பின்னப்பட்டது. 1971-இல் ஐ.நா.வில் இடம்பெற்ற மக்கள் சீனம், ஹாங்காங்கும் போர்ச்சுகல் ஆண்ட மக்காவ் நகரும் குடியேற்ற நாடுகளே அல்ல, சீனாவின் நிலங்கள் என்று வாதிட்டு, 1972-இல் அவற்றை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கச் செய்தது. அப்போதும் அங்கு வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

பிரிட்டன் தன் ஆட்சிக்காலத்தில் என்ன செய்தது என்பதையும் மறைக்கக் கூடாது. அங்கே சட்டத்தின் ஆட்சி இருந்தது, பத்திரிகைகள் ஓரளவு சுதந்திரமாக இயங்கின, ஊழலை ஒழிக்க 1974-இல் சுதந்திரமான ஆணையம் அமைந்தது. ஆனால் மக்களாட்சி இருக்கவில்லை. சட்டமன்றத்துக்கு மக்கள் நேரடியாக வாக்களித்த முதல் தேர்தல் 1991-இல் தான் நடந்தது; அதிலும் 60 இடங்களில் 18 இடங்களுக்கு மட்டுமே. ஆட்சி தொடங்கி ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, வெளியேற ஆறு ஆண்டுகள் இருக்கும்போது நட்ட செடி அது. தன்னாட்சியை நோக்கி நகர்ந்தால் சீனா சீறும் என்ற அச்சம் பிரிட்டனுக்கு இருந்தது. அந்த அச்சம் கற்பனையும் அல்ல. ஆயினும் நெடுங்காலம் நடாமல் விட்டதன் பொறுப்பை அச்சத்தின் மீது மட்டும் ஏற்றிவிட முடியாது. வேர்விட்டிருந்த மன்றங்கள் 1997-இல் கைமாறியிருந்தால் அவற்றைப் பிடுங்குவது இவ்வளவு எளிதாக இருந்திருக்குமா என்று கேட்பது நியாயமே.

கடவுச்சீட்டின் கதை

இரண்டாவது காரணம் குடியுரிமை சார்ந்தது; எனக்கு இதுவே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. ஏனெனில் இங்கே எல்லா முடிவுகளும் லண்டனில் எடுக்கப்பட்டவை.

ஹாங்காங்கில் பிறந்தவர்கள் ஒரு காலத்தில் பிரிட்டனில் பிறந்தவர்களுக்கு இணையான பிரிட்டிஷ் குடிமக்களாகவே சட்டத்தில் கருதப்பட்டனர். 1962-இல் பிரிட்டனுக்குள் நுழையும் உரிமை கட்டுப்படுத்தப்பட்டது. 1981-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 1983 முதல் அவர்களைச் 'சார்பு ஆட்சிப்பகுதிக் குடிமக்கள்' என்ற தனி வகைக்கு மாற்றியது. பிரிட்டனில் வாழும் உரிமை அந்த வகைக்குக் கிடையாது. ஒப்படைப்பு நெருங்கியபோது அந்த வகையும் அவர்களுக்கு இல்லாமல் போகும் நிலை வந்ததால், 1987-இல் 'பிரிட்டிஷ் நேஷனல் (ஓவர்சீஸ்)' என்ற தகுதி உருவாக்கப்பட்டது. சுருக்கமாகப் பிஎன்ஓ என்பார்கள். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு கிடைக்கும், வெளிநாட்டில் பிரிட்டிஷ் தூதரகத்தின் உதவி கிடைக்கும். பிரிட்டனில் குடியேற மட்டும் முடியாது. வீட்டின் பெயர் எழுதிய அட்டை கையில் இருக்கும், கதவைத் திறக்கும் சாவி இருக்காது என்ற நிலை.

1989 ஜூன் மாதம் பெய்ஜிங்கில் மக்களாட்சி கேட்டுத் தியனன்மென் சதுக்கத்தில் திரண்டவர்களின் போராட்டம் ராணுவத்தால் நசுக்கப்பட்டு ரத்தம் சிந்தியபோது ஹாங்காங் நடுங்கிப்போனது. அதற்குப் பிறகு பிரிட்டன் 50,000 குடும்பத் தலைவர்களுக்கும் அவர்களின் குடும்பத்தினருக்கும் மட்டும் முழுக் குடியுரிமை வழங்க 1990-இல் சட்டம் இயற்றியது. தேர்வு தொழில்திறன் போன்ற அளவுகோல்களின்படி நடந்தது. பக்கத்திலேயே மக்காவ் நகரில், போர்ச்சுகல் தகுதியுள்ள மக்காவ்வாசிகளுக்கு முழுப் போர்ச்சுகல் குடியுரிமையையே கொடுத்தது. மக்காவ் மிகச் சிறிய ஊர் என்பதால் அது எளிதாக இருந்தது என்று பிரிட்டனின் சார்பில் சொல்லலாம். அப்படியே இருந்தாலும், ஒரே காலத்தில் ஒரே அரசிடம் நிலத்தை ஒப்படைத்த இரு நாடுகளில் ஒன்று கதவைத் திறந்தது, மற்றொன்று தாழிட்டது என்பது பதிவாகிவிட்ட உண்மை.

இங்கே நின்று ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். பிரிட்டனின் பொறுப்பு மூன்று இழைகளால் ஆனது. உடன்படிக்கையின் தரப்பினர் என்பதால் வருவது ஒன்று; மக்களைக் கேட்காமல், அவர்களுக்கு உரிய காலத்தில் மக்களாட்சியைத் தராமல் ஒப்படைத்ததால் வருவது இன்னொன்று; தன் குடிமக்களாக இருந்தவர்களின் குடியுரிமையைப் படிப்படியாகக் குறைத்ததால் வருவது மூன்றாவது. முதல் இழையின் பயன் சீனாவின் ஒத்துழைப்பைப் பொறுத்தது. மூன்றாவதற்குச் சீனாவின் சம்மதமே தேவையில்லை.

வாக்கு முறிந்ததும் நடந்தவையும்

ஒப்படைப்புக்குப் பிந்தைய முதல் ஆண்டுகளில் ஹாங்காங் தன் சுதந்திரங்களில் பெரும்பாலானவற்றைக் காத்துக்கொண்டது. 2003-இல் உள்ளூர் தேசப் பாதுகாப்பு மசோதாவை எதிர்த்து ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் தெருவில் இறங்கியபோது அரசு அதைத் திரும்பப் பெற்றது. 2014-இல் உண்மையான தேர்தலைக் கேட்டு 79 நாட்கள் நடந்த குடைப் போராட்டம் பலன் தராமல் முடிந்தது. 2015 இறுதியில் பிரிட்டிஷ் குடியுரிமை கொண்ட புத்தக வணிகர் ஒருவர் ஹாங்காங்கிலிருந்து காணாமற்போய்ச் சீனப் பெருநிலத்தில் காவலில் இருப்பது தெரியவந்தபோது, அதைக் கூட்டுப் பிரகடனத்தின் கடுமையான மீறல் என்று பிரிட்டன் அறிவித்தது. 2019-இல், குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சீனப் பெருநிலத்துக்கு அனுப்ப வழிவகுத்த நாடுகடத்தல் மசோதாவை எதிர்த்துத் தொடங்கிய பெரும் போராட்டங்களுக்குப் பிறகு, 2020 ஜூன் 30 அன்று பெய்ஜிங் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தை ஹாங்காங் சட்டமன்றத்தின் வழியே செல்லாமல் நேரடியாகப் புகுத்தியது. பிரிவினை, ஆட்சிக் கவிழ்ப்பு, பயங்கரவாதம், வெளிநாட்டுச் சக்திகளோடு கூட்டுச் சேர்தல் ஆகிய நான்கு குற்றங்களுக்கு ஆயுள்தண்டனை வரை விதிக்க அது இடமளிக்கிறது. 2021 மார்ச் மாதத் தேர்தல் மாற்றத்தால், சட்டமன்றத்தின் 90 இடங்களில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவை 20 மட்டும் என்றானது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஆப்பிள் டெய்லி நாளிதழ் மூடப்பட்டது. அதன் நிறுவனரும் பிரிட்டிஷ் குடிமகனுமான ஜிம்மி லாய் அதற்கு முன்பே, 2020 டிசம்பரில், சிறை வைக்கப்பட்டிருந்தார்.

தரப்பினர் என்ற முறையில் பிரிட்டன் செய்தவற்றில், 1997 முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தில் வைக்கும் ஹாங்காங் அறிக்கை ஒன்று. 2021 மார்ச் மாதத்தில், சீனா கூட்டுப் பிரகடனத்தைத் தொடர்ந்து மீறிக்கொண்டிருக்கும் நிலையில் உள்ளது என்று பிரிட்டன் அறிவித்தது. அதற்கு முன் 2020 ஜூலையில் ஹாங்காங்குடனான குற்றவாளி ஒப்படைப்பு உடன்படிக்கையை நிறுத்தி வைத்தது. சீனப் பெருநிலத்துக்கு விதித்திருந்த ஆயுத ஏற்றுமதித் தடையை ஹாங்காங்குக்கும் நீட்டித்தது. 2022 மார்ச் மாதத்தில், ஹாங்காங் இறுதி மேல்முறையீட்டு மன்றத்தில் அமர்ந்திருந்த பிரிட்டிஷ் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் விலகினர். 2020 ஆகஸ்டில் ஹாங்காங் ஆட்சியாளர்கள் மீது அமெரிக்கா தனிநபர் தடைகளை விதித்தபோது பிரிட்டன் அதைப் பின்பற்றவில்லை. உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடு கையெழுத்திடாத நாட்டைவிட மெல்ல நடந்துகொண்டது என்பது என் கண்ணுக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கடவுச்சீட்டின் பக்கத்தில் நடந்தது இதைவிட உருப்படியானது. 2021 ஜனவரி 31 முதல் பிஎன்ஓ தகுதி உள்ளவர்களும் அவர்களைச் சார்ந்த குடும்பத்தினரும் பிரிட்டனில் வாழவும் வேலை செய்யவும் படிக்கவும் தனி விசா கிடைத்தது. ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தால் நிரந்தர வசிப்புரிமைக்கும், மேலும் ஓராண்டு கழித்துக் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கலாம் என்ற ஏற்பாட்டோடு அது தொடங்கியது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதுவரை அந்த வழியில் பிரிட்டன் சென்றிருக்கின்றனர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தாழிட்ட கதவைத் தாமதமாகவேனும் திறந்த செயல் அது. தயவு என்று அதற்குப் பெயரிடுவது தவறு, பழைய கடனில் ஒரு தவணை என்பதே சரி.

சென்று சேர்ந்தவர்களுக்கும் நிம்மதி முழுமையாக வாய்க்கவில்லை. சீனாவும் ஹாங்காங்கும் அதே 2021 ஜனவரி 31 முதல் பிஎன்ஓ கடவுச்சீட்டை ஏற்பதை நிறுத்திவிட்டன. நிரந்தரமாக வெளியேறுபவர்கள் தங்கள் கட்டாய ஓய்வூதியச் சேமிப்பை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம் என்பது ஹாங்காங்கின் விதி. ஆனால் பிஎன்ஓ விசாவையோ கடவுச்சீட்டையோ அதற்குச் சான்றாக ஏற்பதில்லை என்பதால் பலரின் வாழ்நாள் சேமிப்பு அங்கேயே முடங்கிக் கிடக்கிறது. 2023 ஜூலையில் ஹாங்காங் காவல்துறை வெளிநாடுகளில் வாழும் எட்டுச் செயற்பாட்டாளர்களைப் பற்றித் தகவல் தருவோருக்குத் தலைக்குப் பத்து லட்சம் ஹாங்காங் டாலர் பரிசு அறிவித்தது. அவர்களில் சிலர் பிரிட்டனில் வாழ்பவர்கள். பின்னர் அந்தப் பட்டியல் நீண்டது. தன் மண்ணில் நடமாடுபவரை அச்சமின்றி நடமாடச் செய்வது எந்த உடன்படிக்கையும் இல்லாமலே ஓர் அரசுக்கு உள்ள கடமை.

இன்னும் வெளியே நிற்பவர்கள்

பிஎன்ஓ தகுதி பிறப்பால் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. அதற்கான பதிவும் 1997-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. எனவே ஒப்படைப்பு நடந்த 1997 ஜூலை 1 முதல் ஹாங்காங்கில் பிறந்தவர்கள் எவருக்கும் அந்தத் தகுதி கிடையாது. 2019-இல் தெருவில் முன்வரிசையில் நின்றவர்களிலும், அதற்காகக் கைதானவர்களிலும் பெரும் எண்ணிக்கையினர் இந்தத் தலைமுறையினரே. முதலில் வகுக்கப்பட்ட விதிகளின்படி அவர்கள் பெற்றோரைச் சார்ந்தவர்களாக மட்டுமே வர முடிந்தது. இந்தக் குறை சுட்டிக்காட்டப்பட்ட பின், பெற்றோரில் ஒருவருக்காவது பிஎன்ஓ தகுதி இருந்தால் வயதுவந்த பிள்ளைகள் தனியாகவே விண்ணப்பிக்கலாம் என்று 2022 நவம்பரில் விதி தளர்த்தப்பட்டது.

பெற்றோர் இருவருமே பதிவு செய்யாமல் விட்டவர்களின் பிள்ளைகளும், சீனப் பெருநிலத்திலிருந்து ஹாங்காங் வந்து பிரிட்டிஷ் தகுதி எதுவும் பெறாத குடும்பங்களின் பிள்ளைகளும் இந்தத் தளர்வுக்குள் வரவில்லை. அவர்களுக்குத் திறந்திருப்பது சாதாரண மாணவர் விசாவும் வேலை விசாவும் புகலிட விண்ணப்பமும்தான். புகலிடம் கேட்க முதலில் பிரிட்டிஷ் மண்ணை வந்தடைய வேண்டும். வழக்கு நிலுவையில் இருந்து கடவுச்சீட்டை நீதிமன்றத்தில் ஒப்படைத்துவிட்டவர்களால் அதுவும் இயலாது.